தோண்டாத தோட்டம்

காலையில் பேப்பரைப் பிரித்து உட்கார்ந்தபோது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பச்சை நெடி வந்தது. உம்முடைய கொடியை நசுக்கினால் வரும் அதே நெடி. யாரோ அதை வெட்டுகிறார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன் வே. அதைக் காப்பாற்ற நான் ஓடுவேன் என்று நீர் இருந்த காலத்தில் யாராவது சொல்லியிருந்தால், நாம் இருவரும் சேர்ந்தே சிரித்திருப்போம்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்கு நீர் குடிவந்தபோது அங்கே வெறும் புழுதிதான். நான் ஈரோட்டுக்காரன், மண் சும்மா கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது.

"மம்பட்டி தர்றேனுங்க, கொஞ்சம் கொத்தி விடுங்க" என்றேன்.

"வே, மைன்ஸ்ல ஷிப்டு முழுக்கத் தோண்டுதேன், அதுக்குத்தான் சம்பளம். வீட்டுக்கு வந்தும் தோண்டணுமா?" என்றீர். திருநெல்வேலிக் குசும்பு எனக்கு அன்றுதான் அறிமுகம்.

கேண்டீன் தோட்டத்தில் வெட்டிப் போட்டிருந்த வெடேலியாக் கொடியை ஒருநாள் சாப்பாட்டுப் பையில் திணித்துக் கொண்டுவந்தீர். நடவில்லை. வாசலில் நின்றபடி வீசினீர், செருப்பால் ஒரு மிதி மிதித்தீர். அவ்வளவுதான் உம்முடைய விவசாயம். ஒரு மழைக்காலத்துக்குள் முற்றம் முழுக்கப் பச்சைப் பாய், அதன்மேல் மஞ்சள் பூ. குனிந்து குனிந்து நான் வளர்த்த ரோஜாவெல்லாம் மாவுப்பூச்சி பிடித்து நின்றது.

"சித்திரை வெயில்லயும் வாடாது. தண்ணி ஊத்தலேன்னா கோவிக்காது. நம்ம வீட்டுல யாருக்கு வே இந்தக் குணம்?" என்பீர். உள்ளேயிருந்து உம் வீட்டம்மா, "காது கேக்குது" என்பார்.

பிறகு அது வேலியைத் தாண்டி என் ரோஜாப் பாத்திக்கு வந்தது. விடுவேனா? மைன்ஸில் சர்வே பார்ப்பவன் நான். கயிறு கட்டி, ஓரத்திலிருந்து வரிசையாகத் தோண்டி, வெட்டிய கொடியைச் சுரங்கத்து டம்ப்பில் மேல்மண் கொட்டுவதுபோல மூலையில் மேடாகக் குவித்தேன். மழை பெய்தது. துண்டுக்குத் துண்டு வேர் விட்டு அந்த மேடே பச்சைக் குன்றாகிவிட்டது. நீர் வேலியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தீர்.

"டம்ப் மேட்டுல பச்சை வர வைக்கக் கம்பெனி எத்தனை வருசம் மரம் நடுது! நீரு ஒத்த மழையில முடிச்சிட்டீரே!"

ஆத்திரத்தில் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றினேன். அதன்பிறகு என் பக்கம் ஓர் இலை வர விட்டதில்லை.

ரிட்டயர் ஆவதற்குள் நெஞ்சுவலி உம்மைக் கொண்டுபோய்விட்டது. உம் வீட்டம்மா சாவியை ஒப்படைத்துவிட்டுப் பாளையங்கோட்டைக்கு மகளிடம் போய்விட்டார். உம்முடைய சைக்கிளைக்கூட லாரியில் ஏற்றிவிட்டார்கள். மிச்சம் இருந்தது அந்தக் கொடிதான். சண்டை போட எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அது வேலியருகே தலை நீட்டும்போதெல்லாம் திட்டிக்கொண்டே வெட்டுவேன். அன்றைக்கு மனசு கொஞ்சம் லேசாக இருக்கும்.

இன்று ஓடிப்போய்ப் பார்த்தால், புதிதாகக் குடிவந்த பையன் பாதி முற்றத்தைக் கொத்தியிருந்தான்.

"கீரை போடலாம்னு வூட்டுல சொல்றாங்க சார். நைட் ஷிப்டு முடிச்சிகினு இப்பத்தான் வந்தேன்" என்றான். கண் சிவந்திருந்தது.

"மைன்ஸ்ல என்ன வேலை?"

"எக்ஸ்கவேட்டருங்க."

"அங்கயும் தோண்டி, வீட்டுக்கு வந்தும் தோண்டணுமா வே?"

என் வாயிலிருந்து வந்தது உம்முடைய பேச்சு. பையன் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தான்.

"அப்ப இதுக்கு என்னங்க செய்யணும்?"

"ஒண்ணுமே செய்ய வேண்டாம். கொத்தின பாதியில கீரை போடு. மீதி சும்மா கெடக்கட்டும்."

அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. உமக்குச் சரியான வாரிசு வே. கொட்டாவி விட்டபடி, வெட்டிக் குவித்திருந்த கொடியைக் காட்டி, "இத எங்க சார் கொட்டறது?" என்றான்.

வேலிக்கு இந்தப் பக்கம், என் பழைய டம்ப் மேடு இருந்த மூலையைக் காட்டினேன்.