நகர்த்தி வைத்த கல்

அன்புள்ள மகளுக்கு,

நான் சொல்லச் சொல்லத் தையல்காரர் எழுதுகிறார். பிழை இருந்தால் அவரைத் திட்டு.

நேற்று விசாரணைக் கூடத்தில் நானும் கடைசி பெஞ்சில்தான் இருந்தேன். மலைமேல் பனிப்பாறை உருகிப் பின்வாங்குகிறது, அதை நம்பி அணை கட்டினால் கீழே ஆறு செத்துவிடும் என்று நீ பேசினாய். கம்பெனி வக்கீல் ஒரு பழைய நோட்டைத் தூக்கிக் காட்டினார்.

"முப்பது வருஷ அளவு இது. நட்டு வச்ச அடையாளக் கல்லுக்கும் பனிக்கும் நடுவுல நூறு முழம் தாண்டினதே இல்ல. அளந்தது யாரு? உங்க அப்பாதாம்மா."

கூடமே சிரித்தது. நீ திரும்பி என்னைப் பார்த்தாய்.

அளக்கக் கொடுத்த கயிறே நூறு முழம்தான், அம்மா. பனி தள்ளிப் போனதும், "கயிறு எட்டல சார்" என்றேன். "எட்டுற மாதிரி பாத்துக்கய்யா" என்றார் என்னை அளக்க அனுப்பிய ஆபீசர். கல்லை நெம்பிப் பனிப்பக்கம் நகர்த்தி வைத்தேன். அந்தக் கல் எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பதினோரு தடவை நகர்த்தியிருக்கிறேன். முதல் தடவை, நீ நடக்கப் பழகிய வருஷம். எல்லா இடமும் கண்ணிலேயே நிற்கிறது.

நீ வீட்டுக்கு வராவிட்டாலும் போகட்டும். விசாரணை அதிகாரியை மலைக்குக் கூட்டி வா. கல் பெயர்த்த ஒவ்வொரு குழியிலும் நின்று காட்டுகிறேன்.

"ஊரே உங்களைப் பொய்யன்னு சொல்லுமே" என்கிறார் தையல்காரர். சொல்லட்டும், அதையும் எழுதுங்கள் என்றேன்.

இப்படிக்கு,
உன் அப்பா