நாற்பத்தோராம் பக்கம்

எல்ம் ரிட்ஜ், மினசோட்டா
ஜூன் 13, வெள்ளி மாலை

அன்புள்ள வெர்லின் அண்ணனுக்கு,

உன் தங்கை ஜெனெல் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தால் இந்த முதல் பத்தியை மட்டும் படித்துவிட்டுக் கிழி. காய்ந்த புல்லைக் கட்டாகக் கட்டும் அப்பாவின் பழைய பேலருக்கு ஏப்ரலில் தபாலில் ஒரு புதுக் கையேடு வந்ததல்லவா, அதன் நாற்பத்தோராம் பக்கம் தப்பு. டிராக்டரை அணைத்தால் பத்து விநாடியில் பேலரின் பெரிய சக்கரம் நின்றுவிடும், பிறகு மூடியைத் திறக்கலாம் என்று அதில் போட்டிருக்கிறது. உன் இயந்திரத்தில் நிற்காது. இரண்டு மூன்று நிமிஷம் சுற்றிக்கொண்டே இருக்கும். அது ஓய்வதற்குள் கயிறு முடிச்சு விழுகிற இடத்தில் கையை விட்டால் கை போய்விடும்.

நீ சௌக்கியமா என்று இப்போதாவது கேட்கிறேன். இடுப்பு வலி எப்படி இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னமும் நீதான் ஆர்கன் வாசிக்கிறாய் என்று உங்கள் ஊர்க் கூட்டுறவுக் கடை லைல் சொன்னார். கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்து, சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லாரும் ஹாம் பன் தின்றுகொண்டிருந்தபோது நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "அப்பாவைக் கொண்டுபோய் முதியோர் இல்லத்துல தள்ளினவ நீ. இனிமே எனக்குப் போன் பண்ணாதே. ஏதாச்சும் சொல்லணும்னா எழுதி அனுப்பு, அடுப்பு மூட்டவாவது ஆகும்" என்றாய். நான்கு வருஷம் உன் சொல்லைக் காப்பாற்றினேன். புதன்கிழமையிலிருந்து மீறிவிட்டேன். பதினொரு தடவை கூப்பிட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் பதினொரு தடவையும் வைத்துவிட்டாய்.

வேறு வழியில்லாமல் லைலிடமே சொல்லி அனுப்பினேன். இன்று மத்தியானம் அவர் திரும்பக் கூப்பிட்டார். "சொன்னேம்மா. உங்கண்ணன் என்ன பதில் சொன்னான் தெரியுமா? 'அச்சுல போட்டிருக்கு லைல். அச்சை விட்டுட்டு ஜெனெல் பேச்சை நம்பச் சொல்றியா?'ன்னுட்டான். கட்டுக் கயிறு ஆறு உருண்டை வாங்கிட்டுப் போனான். புல்லு நல்லாக் காஞ்சிருக்காம், நாளைக்கு மத்தியானம் கட்டப் போறானாம்" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அண்ணா, அந்த அச்சில் இருப்பது என் பேச்சுதான்.

எப்படி என்று சொல்கிறேன். பேலர் செய்யும் எங்கள் தொழிற்சாலையில் கையேட்டில் ஒரு வரியை மாற்ற வேண்டுமென்றால் மார்சி ஒருத்தியால்தான் முடியும். அவளுடைய மென்பொருள் அப்படிப்பட்ட பூதம். சோதனைக் களத்தில் இருக்கும் என்னைப் போன்றவர்கள் கிரீஸ் கறையோடு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுப்போம். போன இலையுதிர் காலத்தில், வருஷத்துக்கு மூன்று தடவை எழுதுகிறவர்களுக்கென்று எளிதான மென்பொருள் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். திறந்தால் வெறும் கட்டங்கள். இதில் செய்முறை, இதில் எச்சரிக்கை, அவ்வளவுதான். அரைமணி நேரப் பயிற்சி, ஆளுக்கு ஒரு டோனட். "உங்களைக் குழப்புற சமாச்சாரம் எல்லாத்தையும் மறைச்சு வச்சிருக்கோம். நீங்க பாட்டுக்கு எழுதுங்க" என்றாள் சொல்லிக்கொடுக்க வந்த பெண்.

மறைத்ததில் ஒன்று ஒரு சின்னச் சங்கிலிக் குறி. ஒன்பது மாடல்களுக்கும் பொதுவான பத்தி என்றால் அதை ஒரே இடத்தில் வைத்திருப்பார்கள், ஒன்பது கையேடுகளும் அதை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட பத்தியின் ஓரத்தில் மார்சிக்குச் சங்கிலி தெரியும். எங்களுக்குத் தெரியாது. இந்த வருஷத்துப் புது மாடலின் சக்கரத்துக்கு பிரேக் வைத்திருக்கிறோம், பத்து விநாடியில் நிற்கும். நானே நின்று நேரம் பார்த்தேன். புது மாடலின் கையேட்டைத் திறந்து, "சக்கரம் முழுதும் நிற்கும்வரை கண்ணால் பார்த்துக் காத்திரு" என்றிருந்ததை அழித்துவிட்டு, பிரேக் பத்து விநாடியில் நிறுத்தும் என்று எழுதினேன். ஒன்பதிலும் மாறிவிட்டது, பிரேக்கே இல்லாத உன் பழைய பேலரின் கையேட்டிலும். மார்சிக்குப் போனது புது மாடலின் பக்கம் மட்டும்தான். "வெண்ணெய் மாதிரி எழுதியிருக்கேடி" என்று சொல்லி ஒப்புதல் போட்டாள். நான் அன்றைக்கு எவ்வளவு பூரித்துப் போனேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

செவ்வாயன்று அயோவாவிலிருந்து டெல்மர் என்று ஒரு கிழவர் கூப்பிட்டார். "ஏம்மா, ரெண்டு நாளா வண்டிக்கு அடியில படுத்துத் தேடறேன், அந்த பிரேக்கை எங்கதான் ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் ஓடிப்போய் மற்ற கையேடுகளைத் திறந்து பார்த்தேன், எல்லாவற்றிலும் அதே வரி. தேடாமல் நம்பியவர்கள் எத்தனை பேர்?

மேலாளர் டுவெயினிடம் போய்ச் சொன்னேன். வக்கீல்கள் வாசகத்தை முடிவு செய்து திருத்தம் அனுப்பப் பதினொரு நாளாகும், அதுவரை வெளியே மூச்சு விடாதே என்றார். புல் பதினொரு நாள் காத்திருக்குமா என்றேன். "உன் வேலைக்கு அப்புறம் நான் பொறுப்பில்ல" என்றார். அந்தக் கையேடு போன வீடுகள் முந்நூற்று நாற்பது. மார்சியும் நானும் எங்கள் சொந்தப் போனிலிருந்து அறுபத்து மூன்று பேரிடம் பேசிவிட்டோம். நாளைக்கும் பேச வேண்டும். அதனால்தான் நேரில் வரவில்லை. வந்தாலும் நீ வாசலோடு திருப்பி அனுப்புவாய்.

இன்னும் இரண்டு விஷயம் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. கொட்டகை முழுக்கத் தேடியும் அப்பாவின் பழைய கையேடு உனக்குக் கிடைக்கவில்லை என்று லைல் சொன்னார். எப்படிக் கிடைக்கும்? நீ அப்படிச் சொன்ன அன்றே நான்தான் எடுத்து வந்தேன். அப்பாவோடு பேலர் ஓட்டியவள் நான். நீ பள்ளிக்கூடத்தில் சங்கீத வாத்தியாராக இருந்தாய். உனக்கு அந்த இயந்திரத்தின் தலையும் தெரியாது வாலும் தெரியாது, புத்தகத்தைப் பார்த்துத்தான் ஓட்டுவாய் என்று தெரிந்தும் எடுத்தேன். ஆத்திரம், அவ்வளவுதான்.

அப்புறம் மனசு உறுத்தியது. புதுக் கையேடு இலவசமாக அனுப்பும் பட்டியலில் உன் பெயரைச் சேர்த்தவளும் நானே. என் எழுத்துக்கெல்லாம் சிவப்பு மையால் திருத்தம் போட்ட அண்ணன், நான் எழுதியது என்று தெரியாமலே படிக்கட்டுமே என்று ஓர் ஆசை. உன் கொட்டகைக்கு அந்தப் பக்கத்தை அனுப்பி வைத்தது நான்தான் அண்ணா, வேறு யாருமில்லை.

நாளை விடியற்காலை எங்கள் உதிரிபாக லாரி உங்கள் ஊருக்கு வருகிறது. இந்தக் கடிதத்தையும் அப்பாவின் கையேட்டையும் லைலிடம் சேர்த்துவிடும். பத்து மணிக்குள் உன் கையில் கொடுக்காமல் கடை திறக்கமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார். கையேட்டில் அதே பக்கத்தைப் பார். ஓரத்தில் அப்பா பென்சிலால் கிறுக்கியிருக்கிறார்: "கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஒரு பாட்டு, நான்கு சரணமும்." சக்கரம் ஓயும்வரை அவர் அப்படித்தான் நிற்பார், கர்ண கடூரமாகப் பாடிக்கொண்டு.

நீயும் பாடு அண்ணா. உனக்குப் பிடித்த பாட்டாகப் பார்த்துப் பாடு. நான்கு சரணம் முடிந்தும் சக்கரம் சுற்றினால் முதலிலிருந்து ஆரம்பி. எனக்குப் பதில் போட வேண்டாம், போனை எடுக்கவும் வேண்டாம். என்மேல் உள்ள கோபம் அப்படியே இருக்கட்டும். உன் பத்து விரலும் அப்படியே இருக்கட்டும்.

என்றும் உன் தங்கை,
ஜெனெல்