மூணாம் பாகம் தீபாவளிக்கு

புரட்டாசி 13, திங்கள்
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. கடை திறக்கும்போதே பயம். வீட்டுக்காரர் ஆடியில் தவறிப் போனார். அதற்குப் பிறகு கேம் கடையை நான்தான் திறக்கிறேன். ஒரு டிவி, அதில் சொருகி வீடியோ கேம் ஆடுகிற ஒரு ஆட்டப் பொட்டி, காசு கொடுத்து ஆட வருகிறவர்களுக்கு நாலு நாற்காலி. எனக்கு ஆடத் தெரியாது.
இன்று எல்லார் வாயிலும் ஒரே பேச்சு. கார் ஓட்டுகிற ஆட்டத்துக்கு மூணாம் பாகம் தீபாவளிக்கு வருதாம். பழைய பொட்டியில் ஓடாதாம்.
சேலம் வியாபாரி போன். "பழசக் குடுத்துட்டுப் புதுசு எடுத்துக்கங்கம்மா. ஆட்டம் வந்துட்டா பொட்டி கெடைக்காது." பழையது ஓடினால்தான் எடுப்பாராம்.


14, செவ்வாய்
வெயில். ஆட்டோ செல்வம் ஆட வந்தான். கேட்டேன்.
"மூணாம் பாகம் வந்தா வூட்டுக்கு ஒரு பொட்டி வாங்குவியா?"
"நான் இன்னாத்துக்குக்கா வாங்கணும்? நீ வாங்கி வெய்யி. நான் வந்து ஆடறேன்."
"நான் வாங்கலன்னா?"
"பஸ் ஸ்டாண்டு கடக்காரன் வாங்குவான். அங்க போய்க்கினே இருப்பேன்."
சிரிக்கிறான். கல்வராயன் மலையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆட இறங்கி வருகிறவர்களும் அங்கே போய்விட்டால்?
இரண்டாம் பாகத்துக்கும் இதே கதைதான். எங்கள் தெருவில் பொட்டி வாங்கினவர் அவர் ஒருத்தர். மற்றவர்கள் ஆட வந்தவர்கள். "பொட்டிய எவன் பாக்கறான், ஆட்டம்தான் வாங்க வெக்குது" என்பார். வாங்க வைத்தது எங்களைத்தான். ஆனால் அவருக்குப் பயம் கிடையாது.

15, புதன். ஆயுத பூஜை
பொரி, கடலை, சுண்டல். பூசணிக்காய் செல்வம் உடைத்தான்.
நாத்தனார் வந்தாள். "பொட்டிக்கு நீ ஏன் பொட்டு வெக்கற? செல்வத்த வெக்கச் சொல்லு. கடைய மூடிட்டுத் திருநாவலூருக்கே வந்துடு, மாடு கன்னு பாத்துக்கினு இருக்கலாம்."
கேட்காத மாதிரி நானே வைத்தேன். பொட்டிக்குக் கெட்டியாகச் சந்தனம், நடுவில் குங்குமம். நிறையவே. இன்று எதையும் ஓட்டக் கூடாது.
திருநாவலூர் வீட்டில் என் சோற்றைக்கூடக் கேட்டுத்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

16, வியாழன்
கற்பூரம் காட்டிவிட்டு சுவிட்சைப் போட்டேன். பொட்டி உறுமிவிட்டு நின்றது. மறுபடி. நின்றது. காற்றுப் போகிற ஓட்டைக்குள் சந்தனம் வழிந்து காய்ந்திருக்கிறது.
"இன்னாக்கா, அபிஷேகமே பண்ணிட்ட!" செல்வம்.
ஆட வந்த எல்லாரும் சிரித்தார்கள். அவர் வருஷா வருஷம் பூஜை போட்டாரே. அவருக்கு ஏன் இப்படி ஆகவில்லை?

17, வெள்ளி
ஊசியால் சுரண்டி எடுத்தேன். மத்தியானம் ஓடியது, இருமிக்கொண்டு. வியாபாரியிடம் போனில் சந்தனத்தையும் சொல்லிவிட்டேன். "ஓடுதில்ல? இன்னிக்கே அனுப்புங்க, புதுசு வந்ததும் அனுப்பி வெக்கறேன்" என்றார். மறுபடி நிற்பதற்குள் கொடுத்துவிட வேண்டும்.
துணியில் சுற்றும்போது அடிப்பக்கம் பார்த்தேன். ஸ்டிக்கர் பொட்டு. வருஷத்துக்கு ஒன்றாக, வரிசையாக. என்னுடையவை. ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்காமல், என் கண்ணாடியிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார். பொட்டிக்கு ஈரம் ஆகாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பொட்டு காணோம் என்று அவரிடம் சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.
உரிக்க மனசில்லை. சேலம் பஸ்ஸில் டிரைவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.
சாயங்காலம் செல்வம், போனைப் பார்த்தபடியே:
"யக்கா, மூணாம் பாகம் தீபாவளிக்கு இல்லியாம். தள்ளிப் போட்டுட்டாங்களாம்."
"எப்ப வருமாம்?"
"தெரில. ரெண்டாம் பாகமே ஆடலாம், போடு. பொட்டி எங்கக்கா?"
பஸ் இந்நேரம் சின்னசேலம் தாண்டியிருக்கும்.