ஒரே ஒரு வங்கு

மச்சான், இன்று காலை பூமி என்னை விழுங்கப் பார்த்தது. மேற்குத் தரையில் நடந்துகொண்டிருந்தேன். திடீரென்று என் வலது கால் இடுப்புவரை மண்ணுக்குள் இறங்கிவிட்டது. இன்னும் ஒரு சாண் போயிருந்தால் பாதாள லோகத்தில் யாராவது என் செருப்பைக் கழற்றியிருப்பார்கள். புதுமண் வாசம் மூக்கில் ஏறியது. விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரித்தேன்.

அது வெள்ளெலி தோண்டிய வங்கு, எலி வளை. எங்களை விட்டு நீர் போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் கழித்துத் திறந்திருக்கிறது.

சுந்தரபாண்டியத்துக்கு மேற்கே, நம் இருவருக்கும் பொதுவான அந்த மேய்ச்சல் தரையில் என் சினை ஆடு வங்குக்குள் காலை விட்டு முறித்துக்கொண்டது நினைவிருக்கிறதா? பட்டாளத்தில் இருபது வருஷம் சப்பாத்தி மட்டுமே சுட்ட எனக்கு அன்றைக்குத்தான் ஒரு யுத்தம் வாய்த்தது. நீர் ராஜபாளையத்துக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்த வாரம் பார்த்து ஜேசிபியை வரவழைத்தேன். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்துப் படையெடுத்தேன். ஒரே நாளில் கல்யாண மண்டபத் தரைபோல வழவழவென்று ஆக்கிவிட்டு, உம்மை அழைத்துப்போய்க் காட்டினேன். பாராட்டை வேறு எதிர்பார்த்தேன்.

நீர் குத்தவைத்து உட்கார்ந்து தரையை உள்ளங்கையால் தடவினீர்.

"பூமிக்கு மூக்க அடச்சுட்டீரே, மாப்ளே."

அது எனக்கு விளங்க ஒரு மழை வேண்டியிருந்தது. வங்கு வழியாக உள்ளே இறங்க வேண்டிய தண்ணீர் சிமெண்ட் தளத்தில் ஓடுவதுபோல ஓடி ஓடையில் விழுந்தது. எலி கிளறிப்போடும் மண்ணில்தான் கொழுக்கட்டைப் புல் நன்றாகப் பிடிக்கும் என்பதும், அது சேர்த்துவைத்து மறந்துபோகும் விதையும் நமக்கு மேய்ச்சலாகும் என்பதும் நீர் சொல்லித்தான் தெரியும். புல் போயிற்று. அந்த வங்குகளில் குடியிருந்த ஓணான், தேள், சாரைப்பாம்பு எல்லாம் போயின. எலியைத் தேடி வந்த ஆந்தையும் குள்ளநரியும் வேறு ஊர் பார்த்துக்கொண்டன. ஒரு சாண் எலியை விரட்டியதும் ஒரு ராஜ்ஜியமே சரிந்தது. இதில் மட்டும் நான் கூட்டிச் சொல்லவில்லை.

உழ வேண்டாம், ஆட்டை விட வேண்டாம், சும்மா கிடக்கட்டும், வரப்போரம் மிச்சமிருக்கும் எலி தானாக வரும் என்றீர். ஒன்றும் செய்யாமல் இரு என்ற தண்டனையைப் பட்டாளத்தில்கூட யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. இருந்தேன்.

கடைசியில் நீர் கட்டிலோடு கிடந்தபோது தினமும் வங்கு திறந்ததா என்ற ஒரே கேள்விதான். தரை மொட்டையாகவே கிடந்தது. நானோ உம் கையைப் பிடித்துக்கொண்டு, ஆயிரம் வங்கு திறந்துவிட்டது, கால் வைக்க இடமில்லை என்றேன். நீர் கண்ணை மூடியபடியே சிரித்தீர்.

"உம்ம கணக்குல ஆயிரம்னா ஒண்ணுமே இல்லன்னு அர்த்தம். நெசமா ஒண்ணு தொறந்தா வந்து சொல்லும்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு மழை முடிந்தும் போய்ப் பார்த்தேன். சொல்ல ஒன்றும் இல்லாமல் திரும்பி, உம் படம் மாட்டியிருக்கும் அறையை நிமிர்ந்து பார்க்காமல் தாண்டிப் போவேன்.

இன்று நேரே படத்தின் முன்னால் வந்து நின்றேன். ஒன்று, மச்சான். ஒன்றே ஒன்று. வாயோரம் ஈரமண் ஒரு கை அளவு குவிந்திருக்கிறது. பக்கத்தில் நாலு கொழுக்கட்டைப் புல். நான் மிதித்து இடிந்ததை விரலால் தோண்டித் திறந்துவிட்டுத்தான் எழுந்தேன். கால் இறங்கியதுகூட இடுப்புவரை இல்லை, கணுக்கால்வரைதான்.

நன்றாகச் சுளுக்கிக்கொண்டது. உம் தங்கச்சி தைலத்தோடு நிற்கிறாள். செத்த நேரம் வலிக்கட்டும் என்று அவளை நிறுத்திவைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.