உரித்த பூண்டின் எடை

அன்பு மகள் குட்டிக்கு, அப்பா எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுக்குள் இருக்கும் பொடிசும் சுகம்தானே? உன் அம்மா என்னோடு பேசுவதில்லை, காபியை டம் என்று வைத்துவிட்டுப் போகிறாள். காரணம் இருக்கிறது, சொல்கிறேன். நம் பூண்டு விழுது ஃபேக்டரிக்கு நீ சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தபோது, "ஒரு மூட்டையை உரிச்சு எடை போட்டுப் பாத்துட்டு, அப்புறம் கழிவு எவ்வளவுன்னு போடுங்கப்பா" என்று படித்துப் படித்துச் சொன்னாய். எனக்குத் தெரியாத பூண்டா என்ற திமிரில், நூறு கிலோவுக்குப் பத்து கிலோ கழிவு என்று குத்துமதிப்பாகத் தட்டிவிட்டேன். அதிலிருந்து தினமும் உரித்த பூண்டு குறைகிறது, குறைகிறது என்று கம்ப்யூட்டர் சிவப்பில் காட்டிக்கொண்டே இருந்தது. திருட்டுதான் என்று முடிவுகட்டி, போன வாரம் வேலை விட்டதும் வாசலில் நின்று எல்லோருடைய பையையும் சோதித்தேன். சொந்தம் என்று விட்டுவிட்டான் என யாரும் சொல்லக்கூடாதாம், அதனால் உரிக்கும் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் உன் அத்தையிடமே ஆரம்பித்தேன். என்னை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா, குட்டி. பையில் சாப்பாட்டு டப்பா, கண்ணாடிக் கூடு, உன் பிள்ளைக்காகப் பாதி பின்னிய ஸ்வெட்டர், அவ்வளவுதான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் அவள் வரவில்லை. அப்போதுதான் புத்தி வந்து ஒரு மூட்டையை உரிக்கச் சொல்லி நிறுத்துப் பார்த்தேன். தோல், தூசு, சொத்தை எல்லாம் சேர்த்து நூற்றுக்கு இருபத்திரண்டு போகிறது. கம்ப்யூட்டரில் பத்தை இருபத்திரண்டாக மாற்றினேன், கணக்கு நேராகிவிட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நேரே அவள் வீட்டுக்குப் போய், "தப்புப் பண்ணிட்டேன்க்கா" என்றேன். "கம்ப்யூட்டர் சொன்னா நீ என்னடா பண்ணுவ, சாப்ட்டியா?" என்று கேட்டுத் தட்டை எடுத்து வைத்தாள். இரண்டு திட்டுத் திட்டியிருக்கலாம். அடுத்த நாளே வேலைக்கும் வந்துவிட்டாள். ஆனால் சாயங்காலம் ஆனால் முதல் ஆளாக என் முன்னால் வந்து பையை விரித்துக் காட்டுகிறாள். வேண்டாம்க்கா என்று கெஞ்சினால், "இருக்கட்டும்டா, நாளைக்கு மறுபடி குறைஞ்சா?" என்கிறாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வரிசையில் நிற்கிறார்கள். எனக்கு வாசலுக்குப் போகவே கால் வரவில்லை.

பாரம் தூக்காதே, மாத்திரையை மறக்காதே. மூன்று பேரும் நன்றாக இருங்கள், என் ஆசி எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் செய், மறந்துவிடாதே. அத்தைக்குப் போன் போட்டு, அப்பாவை நன்றாகத் திட்டச் சொல்லு. நான் கேட்டால் திட்டமாட்டேன் என்கிறாள்.

உன் அப்பா