எஸ்டேட் கோபோய்

ரவாங்
10.3.1985

பாசமுள்ள புஷ்பா அக்காவுக்கு,

தம்பி சேது எழுதுகிறேன். தைப்பூசத்துக்கு ஊர்ப்பக்கம் தலைகாட்டவில்லை என்று என்மேல் வருத்தமாக இருப்பீர்கள். என்ன செய்வது அக்கா? அன்றைக்குத்தான் எங்கள் அரங்கத்தில் பூப்பந்துப் போட்டி. முடிந்த கையோடு தரை விரிப்பைச் சுருட்டிவிட்டு, மறுநாள் பாட்டுக் கச்சேரிக்கு மேடை போட்டோம். கூரை போட்ட ஒரே கட்டடம், ஆனால் வாரத்துக்கு ஒரு வேஷம். உள்ளே முழுக்க ஏர்கான். மாமா வந்தால் சட்டைக்கு மேலே இன்னொரு சட்டை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஒரு நல்ல செய்தி. இப்போது மைக் என் கையில். அறிவிப்பாளர் வேலை! முதலில் என்னை எதற்கு எடுத்தார்கள் என்று உங்களுக்குச் சொல்லவே இல்லை. கச்சேரி முடிந்ததும் நாற்காலிக்கு அடியில் கிடக்கும் வாந்தி, எச்சில், சப்பிப் போட்ட சோளம் எல்லாவற்றையும் கூட்டி அள்ளுகிற வேலை. பீர் ஊறிய தரையில் செருப்பு ஒட்டிக்கொள்ளும். அந்த நாற்றம் சோற்றிலும் வரும். ஒருநாள் அறிவிப்பாளர் வரவில்லை, நான் மலாயிலும் தமிழிலும் நாலு வார்த்தை பேசினேன். கூட்டம் சிரித்தது. பாஸ் என்னைத் துடைப்பத்தைக் கீழே போடச் சொல்லிவிட்டார்.

இனி விஷயம். ஏப்ரலில் ரோடியோ நடக்கப்போகிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து கௌபாய்கள், நம் ஆட்கள் வாயில் கோபோய்கள், வருகிறார்கள். தரை முழுக்க மண் கொட்டி, அதில் காளைமேல் ஏறிச் சவாரி செய்வார்கள். ஆள் வருகிறான், மாடு வர முடியாதாம். இங்கேயே காளை தேடுகிறார்கள். நான் வாய் சும்மா இருக்காமல், "எங்க அக்கா வீட்டுக்காரருகிட்ட ஒரு காளை இருக்கு பாஸ், ஜில்லாவிலேயே அப்படி ஒன்னு கிடையாது" என்று சொல்லிவிட்டேன். மயிலைக் காளையை ஒரே ஒரு நாள் அனுப்பச் சொல்லுங்கள் அக்கா. சும்மா ஒரு சுற்று நடத்திக் காட்டுவார்கள், வெள்ளைக்காரன் ஒரு நிமிஷம் ஏறி உட்காருவான், அவ்வளவுதான். ஒரு கீறல் விழாது. லோரி வாசலுக்கே வரும். என் மானம் உங்கள் கையில்.

சந்திரிகா உங்களை மிகவும் கேட்டாள். அவள் வீட்டில் எங்கள் கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறார்கள்.

உங்கள் வாய்த்துடுக்குத் தம்பி,
சேது

*

தோட்டத்து லயம்,
கோல சிலாங்கூர்
21.3.1985

அன்புத் தம்பி சேதுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மைக் கிடைத்ததில் சந்தோஷம். வாந்தி அள்ளியதை ஒளித்து வைத்தாயே, அதுதான் மனசைச் சுட்டது. அம்மா இருந்திருந்தால் அவளிடம் சொல்லியிருப்பாய். என்னிடம் என்ன வெட்கம்?

மயிலையைப் பற்றி நான் உடனே முடியாது என்றுதான் சொன்னேன். மாட்டின்மேல் மனிதன் ஏறிக் குதிப்பதை டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்களா? கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது. உன் மாமாதான் விடவில்லை. "தம்பி முதல் தடவையா ஒன்னு கேட்டிருக்கான்லா, எப்படி இல்லன்னு சொல்றது?" என்கிறார். மானேஜர் செம்பனை மரத்துக்கு அடியில் மாடு மேயக் கூடாது என்று சத்தம் போடுகிறார், வேலை வாங்கும் மண்டோர் தினமும் முறைக்கிறார். இந்த நேரத்தில் பட்டணத்து ஆட்கள் தன் காளையைத் தேடி லோரி அனுப்புவது அவருக்குப் பெருமையாக இருக்கிறது. நாலு நாளாக மயிலைக்குச் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டுகிறார். என் தலைக்குச் சீயக்காய் இல்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். காளையோடு அவரும் வருவார். அது வேறு ஆள் கைக்கு அடங்காது. நானும் வருகிறேன். எங்களுக்கு ஒரு நல்ல இடமாகப் பார்த்து வை. நீ மைக்கில் பேசுவதைக் கேட்க எனக்கும் ஆசை.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா புஷ்பவள்ளி

*

கோல சிலாங்கூர்
24.4.1985

சேதுவுக்கு,

மயிலையோடு வீடு வந்து சேர்ந்து மூன்று நாளாகிறது. மூக்கிலிருந்து அந்த அரங்கத்தின் வாடை இன்னும் போகவில்லை. ஈர மண், மூத்திரம், பீர், வறுத்த கடலை எல்லாம் அந்தக் குளிருக்குள் அடைபட்டுக் கிடந்தன. சோற்றுப் பானையைத் திறந்தாலும் அதுதான் அடிக்கிறது.

நீ பார்க்கவில்லை என்று சொல்லக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எல்லாம் தெரிந்தது. நீ நின்ற மேடையிலிருந்து இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும்.

மயிலையை இரும்புக் கூண்டுக்குள் நெருக்கி நிறுத்தினார்கள். உன் மாமா வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு அதற்குப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருவன் அதன் அடிவயிற்றில் கயிற்றைப் போட்டுக் காலை ஊன்றி இறுக்கினான். இன்னொருவன் பின்னாலிருந்து எதையோ வைத்துக் குத்தினான். கதவு திறந்தது. நடந்தா வந்தது அது? முதுகு வளைந்து, நாலு காலும் தரையில் படாமல், நாக்கைத் தள்ளிக்கொண்டு வந்தது. மேலே இருந்தவன் விழுந்து ஓடிவிட்டான். அதற்குப் பிறகும் கயிற்றை யாரும் அவிழ்க்கவில்லை. பயத்தில் அதற்குப் பேதியாகிக் கால் வழியாக ஒழுகியது. எனக்குப் பின்னால் இருந்த பெண்பிள்ளை அதைப் பார்த்துக் கைதட்டினாள். கடலையை வாயில் போட்டுக்கொண்டே கைதட்டினாள்.

உன் மாமா கம்பியைத் தாண்டிக் குதித்தார். "கயித்த அவுறுங்கடா! மாடு செத்துரும்டா!" என்று கத்தினார். எனக்குக் கேட்டது. உனக்குக் கேட்காமலா இருந்திருக்கும்? ஓடியவர் அந்தச் சாணத்தில் வழுக்கி விழுந்தார், கால்சட்டை இடுப்பிலிருந்து நழுவியது. கூட்டம் ஓவென்று சிரித்தது. நீ மைக்கைப் பிடித்து நிறுத்தச் சொல்லப்போகிறாய் என்றுதான் நான் நினைத்தேன். "தம்பி சொல்லிருவான், சொல்லிருவான்" என்று வாய்விட்டே சொன்னேன்.

நீ சொன்னாய்: "பாத்துக்குங்க, நம்ம எஸ்டேட் கோபோய் வந்துட்டாரு! குதிரை இல்ல, தொப்பி இல்ல, சிலுவாரும் அவுந்து போச்சி!"

கூட்டம் முழுக்க "கோபோய்! கோபோய்!" என்று தட்டியது. மயிலை கண் மண் தெரியாமல் அவரை இரும்புக் கம்பியோடு சேர்த்து இடித்தது. இடிபட்டுக்கொண்டே கயிற்றை அவிழ்த்தார். ஒரு கையில் அவிழ்த்தார், ஒரு கையில் சிலுவாரைப் பிடித்துக்கொண்டார். நீ அதற்கும் ஏதோ சொன்னாய். சிரிப்புச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

தோள்பட்டை எலும்பு முறிந்திருக்கிறது. இனி பழம் வெட்டும் கம்பைத் தூக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டுப் பிரித்ததும் மண்டோர் அவரைப் பொம்பளைகளோடு உதிரிப்பழம் பொறுக்க அனுப்பப்போகிறாராம்.

ஒன்று கேட்கிறேன். ஆறாம் வகுப்புவரை உனக்குப் பள்ளிக்கூடச் சிலுவார் யார் வாங்கிக் கொடுத்தது?

புஷ்பவள்ளி

*

ரவாங்
2.5.1985

அன்பு அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் வேலைக்கே மனசு வரவில்லை. மாமாவின் தோள் எப்படி இருக்கிறது? நான் உடனே ஓடி வந்திருப்பேன். ரோடியோ இன்னும் ஓடுகிறது, லீவு கேட்டால் மைக் அடுத்தவன் கைக்குப் போய்விடும்.

அக்கா, நீங்கள் கூட்டத்தில் இருந்தீர்கள், உங்களுக்கு ஒரு பக்கம்தான் தெரியும். அவர் குதித்த அந்த நிமிஷம் பாஸ் என்னைப் பார்த்துக் கையை ஆட்டுகிறார், பேசு, பேசு என்று. நான் "ஆபத்து" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனை ஜனமும் வாசலுக்கு ஓடியிருக்கும். குழந்தைகள் மிதிபட்டிருக்கும். சிரிக்க வைத்தேன், எல்லாரும் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். யோசித்துப் பாருங்கள், அது மாமாவுக்கும் நல்லதுதானே? வேலி தாண்டின பைத்தியக்காரன் என்று காவலுக்கு நின்ற கார்டு அடித்து இழுத்துப் போட்டிருப்பான். ஷோவில் ஒரு ஆள் என்று நினைத்ததால் விட்டுவிட்டான்.

வாயில் வந்ததைச் சொன்னேன். இந்த வாயால்தான் இன்றைக்கு நான் எச்சில் அள்ளாமல் இருக்கிறேன். அங்கே எதிரே ஆயிரம் பேர் உட்கார்ந்தால் மாமா, மச்சான் யாரும் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள் அக்கா. அதுதான் அந்த வேலை.

கோபத்தை மனசில் வைக்காதீர்கள். இரண்டு வரி எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
சேது

*

ரவாங்
9.6.1985

அன்பு அக்காவுக்கு,

பதில் வரும் வரும் என்று தினமும் போஸ்ட்மேனைப் பார்த்துவிட்டேன். சரி, கோபம் தீராவிட்டால் போகட்டும், இந்தச் செய்தியைக் கேட்டாலாவது தீரும்.

மாமா இப்போது ரவாங் முழுக்கப் பிரபலம்! அன்றைக்கு வந்த ஜனங்கள் மறுபடி வந்து, "எங்க அந்த எஸ்டேட் கோபோய்?" என்று கேட்டார்கள். பாஸ் அதை ஷோவிலேயே சேர்த்துவிட்டார். போஸ்டரிலும் போட்டாயிற்று. கலும்பாங்கிலிருந்து இருசப்பன் என்று ஒருவனைப் பிடித்திருக்கிறோம். தலைப்பாகை, காக்கிச் சிலுவார். "கயித்த அவுறுங்கடா" என்று கத்திக்கொண்டே கம்பியைத் தாண்டுவான். சரியாக அந்த இடத்தில் சாணத்தில் விழ வேண்டும். பழைய சாணம் காய்ந்துவிடுகிறது, அதனால் ஒவ்வொரு ஷோவுக்கும் புதுசாக வாளியில் கொண்டுவந்து கொட்டுகிறோம். கடைசியில் சிலுவார் அவிழும், உள்ளே பூப்போட்ட துணி. ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. மயிலையின் கயிற்றை அவிழ்க்க மாமா பட்ட பாட்டை நினைத்து எனக்கே சில சமயம் ஒரு மாதிரி ஆகிவிடும். ஆனால் அக்கா, இதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஹீரோவே அவர்தான்.

கடைசி ஷோவுக்கு மாமாவை முன்வரிசையில் உட்கார வைத்து மாலை போட வேண்டும் என்பது பாஸ் ஆசை. காரே அனுப்புவார். சம்மதம் என்று எழுதுங்கள்.

அடுத்தது என் விஷயம். ஆகஸ்ட் முதல் ஞாயிறு கல்யாணம். பத்தாங் காலி கோயிலில். அம்மா இல்லாத குறையை நீங்கள்தான் தீர்க்க வேண்டும். நான் ஒரு முடிச்சுப் போட்டதும் மற்ற முடிச்சைப் போட உங்கள் கைதான் வேண்டும். சந்திரிகா உங்களுக்கென்று பச்சைப் பட்டு எடுத்து வைத்திருக்கிறாள்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
சேது

*

கோல சிலாங்கூர்
23.6.1985

சேதுவுக்கு,

உன் மாமாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதை நீ மறந்துவிட்டாய். உன் கடிதம் வந்தால் நான்தான் உரக்கப் படிக்க வேண்டும். அவர் உதிரிப்பழம் பொறுக்கிவிட்டு வந்து, காலைக் கழுவி, "தம்பி என்ன எழுதியிருக்கான், படி" என்று எதிரே உட்கார்ந்தார். நானும் படித்தேன். பாதியில் நிறுத்தினேன். "ஏன் நிறுத்திட்ட?" என்றார். பொய்யாக ஏதாவது சேர்த்துப் படிக்க எனக்கு உன் அளவுக்குச் சாமர்த்தியம் இல்லை. வாளிச் சாணத்தையும் பூப்போட்ட துணியையும் என் வாயாலேயே என் புருஷனுக்குப் படித்தேன்.

அவர் கோபப்படவில்லை. அது தெரிந்தால் உனக்கு நிம்மதியாக இருக்கும். "அந்த இருசப்பனுக்குப் பிள்ளைக்குட்டி இருக்கும்லா? கம்பிகிட்ட போகாம பாத்துக்கச் சொல்லி எழுது" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

நான் வெளியே போய் வாந்தி எடுத்தேன்.

இது அவருக்குப் புதுச் செய்தி இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. தோட்டத்துப் பையன்கள் லோரி பிடித்து வந்து உன் ஷோவைப் பார்த்திருக்கிறார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவர் பெயரைக் கூப்பிடும்போது எங்கிருந்தோ "கோபோய்!" என்று ஒரு குரல் வருமாம். கணக்கு எழுதும் கிராணிகூடச் சிரிக்கிறாராம். ஒரு மாசமாக இது நடக்கிறது, எனக்குச் சொல்லவில்லை. உன்னை நான் வெறுத்துவிடுவேன் என்று பயந்திருக்கிறார்.

உன் மூன்று கடிதத்தையும் எடுத்து மறுபடி படித்துப் பார்த்தேன். நீ கெட்டவன் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. எச்சில் அள்ளியது உனக்கு அருவருப்பாக இருந்தது, அதிலிருந்து தப்பிக்க வேண்டும் என்று நினைத்தாய். அதைப் புரிந்துகொள்கிறேன். நீ துடைப்பத்தோடு நின்ற நாளில் உன் கையில் இருந்த அழுக்கு தண்ணீர் ஊற்றினால் போயிருக்கும்.

ரோடியோவுக்கு நாங்கள் வர மாட்டோம். கார் அனுப்ப வேண்டாம்.

கல்யாணத்துக்கு உன் மாமா வருவார். "சின்னப் பையன், பொழப்புக்குப் பேசிட்டான், நாம போகாட்டி அவனுக்கு யாரு இருக்கா?" என்று சொல்லிச் சட்டையைத் துவைத்துப் போட்டிருக்கிறார். நான் தடுக்கவில்லை. அவருக்கு முன்வரிசையெல்லாம் வேண்டாம். பின்னால் ஒரு நாற்காலி கொடு, வலது தோளை யாரும் தட்டாமல் பார்த்துக்கொள். அவரைக் காட்டி யாராவது சிரித்தால், அன்றைக்காவது, மைக் இல்லாமல், உன் சொந்த வாயால் ஒரு வார்த்தை சொல்.

நான் வரவில்லை. சந்திரிகாமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவள் நன்றாக இருக்கட்டும். உன் பக்கத்தில் நின்று அந்த முடிச்சைப் போட என் கை வராது. பச்சைப் பட்டை அவளே கட்டிக்கொள்ளட்டும்.

இனிமேல் கடிதம் எழுதாதே. எழுதினால் அவர் ஆசையாக எதிரே வந்து உட்காருவார், நான் படிக்க வேண்டியிருக்கும். உன் பேச்சை இன்னொரு தடவை என் வாயில் வைக்க என்னால் முடியாது.

புஷ்பவள்ளி