கை தூக்காத பொதுக்குழு

அன்பு மகன் சூர்யபிரகாஷுக்கு அப்பா சொல்ல, தங்கச்சி காளீஸ்வரி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் காளீஸ்வரியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே பட்டாளத்தில் பனிக்கு நடுவே நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று சாமியைக் கேட்டுக்கொள்கிறோம். அம்மா கொடுத்துவிட்ட மப்ளரைக் கழுத்தில் சும்மா தொங்கவிடாமல் காதை மூடிக் கட்டிக்கொள். இங்கே மழை விட்டும் விடாமலும் பெய்கிறது, குரங்கணிப் பக்கம் இந்த வருஷம் ஏலக்காய் நன்றாக இருக்கிறதாம். நம் கழகத்து விஷயம் என்னவென்றால்

இவ்வளவுதான் அப்பா சொன்னார் அண்ணே. அதற்குமேல் வரவில்லை. “நீயே எழுது ஆத்தா, நீ பார்த்ததுதானே” என்று எழுந்து வெளியே போய்விட்டார். போனில் நீ கேட்டபோது நானும் ஒன்றும் சொல்லாமல் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன், கோபப்படாதே, எனக்கு வாயால் சொல்ல வராதது எழுதினால் கொஞ்சம் வரும். மேற்குமலை கைப்பந்துக் கழகம் இனிமேல் நம்முடையது இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் வெள்ளைத்துரை தலைவராகிவிட்டார், அப்பாவின் செயலாளர் பதவியும் போய்விட்டது. நான் காய் பொறுக்கப் போகிற ஏலக்காய் ஸ்டோரின் முதலாளிதான் அவர், போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டும் ஆள் ஏற்றிப்போகிற ஜீப்புகளில் பாதியும் அவருடையவை. நீ ஊரில் இல்லாத சமயம் பெரிய போட்டி வைத்து நாளெல்லாம் மழை பெய்து ஒரு டிக்கெட்டும் விற்காமல் போனதே, அந்தக் கடன் அடையவே இல்லை. வெள்ளைத்துரை எல்லாக் கடனையும் தானே தீர்ப்பதாகச் சொன்னார். அதற்குப் பதில் தன்னைத் தலைவராக்க வேண்டும், மைதானத்தில் தன் ஜீப்புகளையும் லோடு வண்டிகளையும் நிறுத்த விட வேண்டும், பிள்ளைகள் விளையாட ஊருக்கு வெளியே எங்காவது இடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

பாத்திரக்கடை மாடியில் நம் கமிட்டி ரூமில் இதை வைத்து மூன்று கூட்டம் நடந்தது, மூன்றிலும் சண்டை. “விளையாட எடம் இல்லாட்டி அது என்னய்யா கழகம், வெறும் பேர்ப்பலகையா?” என்று அப்பா கத்தியது கீழே கடைக்காரர் வரைக்கும் கேட்டதாம். தலைவராக இருந்த டீக்கடை ஜக்கையன் மாமாவே கடைசியில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். “மாப்ளே, கடன்காரன் தெனமும் வந்து என் கடையில டீயும் வடையும் தின்னுட்டு, கழகத்துக் கணக்குல கழிச்சுக்கன்னு போறான், நான் கடையை நடத்தவா கழகத்தை நடத்தவா” என்றார். அப்பா அதற்கு மட்டும் சிரித்தார். எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிற பையன்கள் எல்லோரும் சந்தா கட்டாமல் விட்டிருந்தார்கள், அத்தனை பேருக்கும் வெள்ளைத்துரையே கட்டி ஓட்டுரிமை வாங்கிக் கொடுத்தார். அதைக் கேட்டு அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். “அவன் காசுல நம்ம பயலுகளுக்கு ஓட்டு வந்திருக்கு” என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பந்தை எப்படித் தூக்குவது என்று அப்பா கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்த பையன்கள்தானே எல்லோரும். அவர்களும் சந்தையில் பார்த்தபோது, நாங்க இருக்கோம்ண்ணே என்றுதான் சொன்னார்கள்.

ஜக்கையன் மாமா மனசு கேட்காமல் வீட்டுக்கே வந்தார். “கையத் தூக்கச் சொல்லாத மாப்ளே, சீட்டுல எழுதிப் போட வை, அவன் ஜீப்புல ஏறிப் போய்த்தான் அதுக கஞ்சி குடிக்குதுக” என்றார். அப்பா கேட்கவில்லை. கழகம் ஆரம்பித்ததிலிருந்து கை தூக்கித்தான் பழக்கம், ஒளிச்சு ஒளிச்சு ஓட்டுப் போட இதென்ன கள்ளச் சோலியா என்று அவரையே திட்டி அனுப்பினார்.

பொதுக்குழுவுக்குப் பையன்கள் வெள்ளைத்துரையின் ஜீப்புகளில்தான் வந்து இறங்கினார்கள். நான் டீ டம்ளர் தட்டோடு சுவர் ஓரமாக நின்றேன். வெள்ளைத்துரை ஒரு வார்த்தை பேசவில்லை அண்ணே. முன்வரிசையில் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு எல்லோர் முகத்தையும் பார்க்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டார், அவ்வளவுதான். அப்பா பக்கம் இருக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். சொந்த நிலத்தில் வெள்ளாமை செய்கிற சிலமலைச் சம்சாரிகள் நாலைந்து பேர் தூக்கினார்கள். உன்னோடு ஆடிய சின்ராசு கையைத் தோள் வரைக்கும் கொண்டுவந்தான், வெள்ளைத்துரை திரும்பிப் பார்த்ததும் கழுத்தைச் சொறிந்துகொண்டான். பிறகு வெள்ளைத்துரை பக்கத்துக்குக் கேட்டபோது மற்ற எல்லாக் கையும் மேலே போனது, தலை மட்டும் கீழே இருந்தது. அவர்கள் எண்ணி முடிக்கிற வரைக்கும் அப்பா நின்றுகொண்டே இருந்தார்.

மறுநாள் காலையில் சின்ராசு வாசலில் வந்து நின்றான், உள்ளே வரவில்லை. நான் திட்டலாம் என்றுதான் போனேன். அதற்குள் அப்பாவே டீயைக் கொண்டுபோய்க் கொடுத்து, “வெரசாக் குடிச்சிட்டுப் போப்பா, ஜீப்பு போயிரப் போகுது” என்றார். அவன் அழுதுகொண்டே குடித்தான். ஸ்டோரில் ஒச்சம்மாள் அக்கா, “ஒங்கப்பன் ஆளுக்கொரு சீட்டைக் கிழிச்சுக் குடுத்திருந்தா ஜெயிச்சிருப்பாருடி, இந்த வீம்புக்காரர் வீட்டுல எவன் வந்து பொண்ணு எடுப்பான்” என்று சொல்ல எல்லோரும் சிரித்தார்கள், நான் குனிந்து காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வேறு இடத்தில் வேலை கேட்கலாம் என்றால் அம்மா இப்போது வேண்டாம் என்கிறது. கோர்ட்டுக்குப் போகலாமா என்று நீ கேட்பாய், அப்பாவிடம் கேட்டேன், “கை தூக்கினது தூக்கினதுதான்” என்றார். நெட் கம்பங்களைப் பிடுங்கிவிட்டார்கள், மழையில் ஜீப்பு ஏறி இறங்கி மைதானம் உழுத வயல் மாதிரி கிடக்கிறது. கோடு போடுகிற சுண்ணாம்பு அரை மூட்டை நம் வீட்டில் இருக்கிறது, சுவருக்காவது அடிக்கலாமா என்று அம்மா கேட்டது, அப்பா மூட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

நீ இதை நினைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருக்காதே. நல்லா இருப்பா, நல்லபடியாப் போய் நல்லபடியா வா என்று அப்பாவும் அம்மாவும் சொல்லச் சொன்னார்கள். லீவுக்கு வரும்போது ஞாபகம் வைத்துக்கொள், எப்போதும் வாங்கி வருகிற மாதிரி பந்தும் நெட்டும் வாங்கி வராதே. கையெழுத்துக்கு அப்பாவிடம் நீட்டினேன், போட்டுவிட்டுப் பழக்கத்தில் கீழே இன்னொரு வார்த்தையும் எழுதிவிட்டார். அதை அடிக்காமல் அப்படியே உறையில் போட்டு ஒட்டுகிறேன்.

இப்படிக்கு உன் அப்பா,
சு. பால்ராஜ்
செயலாளர்